உடைந்த மூக்கும் இரண்டு இலக்கங்களும்

வளைகுடாவில் வேலை செய்யும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் ஆஸ்பத்திரி ரிப்போட் ஒன்றைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். "சேர், இதில ஜே 34.2 எண்டு போட்டிருக்காங்க. பயப்படுற வருத்தமா?" என்று கேட்டிருந்தார். பயப்படுகிற வருத்தம் இல்லை. மூக்கின் நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. நம்மில் பலருக்கு அது கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும். மூச்சு முட்டினால்தான் வைத்தியம்.

அவருக்கு அந்தப் பதில் போதும். ஆனால் அந்த ஓர் எழுத்தும் மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்பது நீண்ட கதை. நாங்கள் படிப்பிக்கும் பாடம் வரலாறு என்பதால் அந்தக் கதையை விட மனமில்லை. பதிவு நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கடைசிப் பகுதியில் நம்ம ஊர் விஷயமும் இருக்கிறது.

மூக்குக் காயத்தை வகை பிரித்து எழுதியவர்களில், நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையவர்கள் எகிப்தியர். 1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் லக்ஸர் நகரில் ஒரு பழைய பப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுமையாக வெளிவந்தது 1930இல், பிரெஸ்டட் என்ற அறிஞர் மொழிபெயர்த்து அச்சிட்ட பிறகுதான். அந்தப் பிரதி எழுதப்பட்டது கி.மு. 1600 அளவில். அதன் மூலம் அதைவிடப் பழையது என்கிறார்கள். உள்ளே 48 நோயாளிகளின் விவரம். எல்லாம் தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் ஒழுங்கில் இருக்கின்றன. 11ஆவது முதல் 14ஆவது வரை நான்கும் மூக்கு.

11ஆவதில் மூக்கின் தண்டு உடைந்திருக்கிறது. 12ஆவதில் மூக்கெலும்பு முறிந்திருக்கிறது. 13ஆவதில் மூக்கின் ஒரு பக்கம் நொறுங்கியிருக்கிறது. 14ஆவதில் மூக்குத் துவாரம் வரை கிழிந்த சதைக்காயம். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, எப்படிப் பார்ப்பது, என்ன தீர்ப்புச் சொல்வது, என்ன செய்வது என்று ஒரே அச்சில் எழுதியிருக்கிறார்கள். முறிந்த மூக்குக்கு உள்ளே கட்டியாய் உறைந்த இரத்தத்தைத் துணித்திரியால் துடைத்தெடுத்து, கொழுப்பில் தோய்த்த திரிகளை இரண்டு துவாரத்திலும் வைத்து, வெளியே விறைப்பான துணிச்சுருள்களால் கட்ட வேண்டும். கிழிந்ததைத் தைக்க வேண்டும். ஆனால் 13ஆவது ஆளுக்கு மூக்கிலும் அதே பக்கக் காதிலும் இரத்தம் வருகிறது, பேச்சும் இல்லை. அவருக்கு மட்டும் "வைத்தியம் செய்ய முடியாதது" என்று தீர்ப்பு. மூக்கில் அடிபட்டவருக்குக் காதாலும் இரத்தம் வந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்று இன்றைய டொக்டரும் பதறுவார். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் அந்த மனிதர்கள் அதைத் தனி வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பவும் வரும்.

அடுத்து அரபு மொழி வைத்தியர்கள். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலைப் பெயரளவில் எல்லோருக்கும் தெரியும். அவர் அதை எப்படி அடுக்கினார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். மூன்றாம் நூலில் தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாக நோய்களைச் சொல்கிறார். மூக்கு நோய்கள் அங்கே வரும். எலும்பு முறிவுகள் நான்காம் நூலில். ஆக, தடிமன் ஒரு நூலில், உடைவு இன்னொரு நூலில். உறுப்பு ஒன்றுதான், ஆனால் உள்ளிருந்து வந்த வருத்தமும் வெளியிலிருந்து வந்த அடியும் ஒன்றல்ல என்ற பிரிப்பு அது. இன்று உலகம் முழுவதும் பாவிக்கும் குறியீட்டுப் புத்தகத்திலும் அதே பிரிப்புத்தான்.

அவருக்கு முன்பே, 925இல் மறைந்த அர்ராஸி, வசந்த காலத்தில் ரோஜா வாசம் பட்டால் அபூ ஸைத் அல்பல்கீக்கு ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். பூந்தாது ஒவ்வாமை என்று இன்றைக்கு ஜே 30.1 போடும் வருத்தத்தின் சாயல் அதில் தெரிகிறது. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி 30 பகுதிகள் கொண்ட தன் பெருநூலின் கடைசிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கினார். உடைந்த மூக்குக்கு அவர் சொன்ன யோசனை ஒன்று உண்டு. உள்ளே வைக்கும் திரிக்குப் பதிலாக வாத்து இறகின் குழலை மெல்லிய துணியால் சுற்றி வைக்கலாம், எலும்பும் நிற்கும், மூச்சும் விடலாம் என்கிறார். மூக்கு அடைத்துப் படுத்தவர்களுக்குத்தான் அந்த யோசனையின் அருமை தெரியும்.

இவர்கள் எல்லோரும் வைத்தியத்துக்காக வகை பிரித்தவர்கள். எண்ணுவதற்காக வகை பிரிப்பது வேறு வேலை. அது லண்டனில் தொடங்குகிறது, அங்கேதான் கதை கொஞ்சம் அசிங்கமாகிறது.

லண்டனில் கொள்ளைநோய்க்குப் பயந்து வாராவாரம் இறப்புப் பட்டியல் அச்சிட்டார்கள். யாராவது மரணித்தால் காரணத்தைச் சொல்ல டொக்டர் வருவதில்லை. அந்தப் பகுதியில் நியமிக்கப்பட்ட வயதான பெண்கள் வந்து ஜனாஸாவைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, ஒரு காரணம் சொல்வார்கள். அதைத்தான் எழுதுவார்கள். ஜோன் கிரோன்ட் என்ற துணி வியாபாரி இந்தப் பட்டியல்களைப் பல வருடங்களுக்குச் சேர்த்து வைத்துக் கூட்டிக் கழித்து 1662இல் ஒரு புத்தகம் போட்டார். புள்ளிவிபரக் கலையின் தொடக்கங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள்.

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஊரே பேசும் பாலியல் நோயால் இறந்தவர்கள் பட்டியலில் இத்தனை குறைவாக இருப்பது எப்படி? விசாரித்தவர் கண்டுபிடித்தது இதுதான்: குடும்பத்தார் அந்தப் பெண்களுக்கு ஒரு கோப்பை மது கொடுத்து, கூலியையும் இரட்டிப்பாக்கினால், காரணம் "உருக்கி நோய்" என்று மாறிவிடும். உண்மைப் பெயர் எழுதப்பட்டது இரண்டு விதமானவர்களுக்குத்தான். ஒன்று, ஊருக்கே பிடிக்காதவர்கள். மற்றது, நோய் மூக்கையே அரித்துவிட்டவர்கள். மூக்கு போன பிறகு மறைக்க வழியில்லை.

இந்த இடத்தை வாசித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தோம். 360 வருடத்துக்கு முந்திய லண்டன் மாதிரித் தெரியவில்லை. நம்ம ஊர் மாதிரித் தெரிந்தது.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஆங்கிலேயர் அந்த நோயைப் பிரெஞ்சுக்காரன் தலையில் போட்டுப் பெயர் வைத்தார்கள். தமிழில் அது பறங்கிப்புண். அதே நேரம் இலங்கையில் "பறங்கி" என்று சொன்ன இன்னொரு நோய் இருந்தது. அது பாலுறவால் வருவதல்ல, சிறு பிள்ளைகளுக்கும் தோலால் தொற்றுவது. அதுவும் முற்றினால் மூக்கை அரிக்கும். இரண்டு வேறு நோய்க்கு ஒரே பெயர். ஒரு குடும்பத்தின் மானம் போவதற்கு அந்தப் பெயர்க் குழப்பமே போதும். குறியீட்டுப் புத்தகத்தில் முதலாவது ஏ 50 முதல் 53 வரை, இரண்டாவது ஏ 66. இலக்கம் என்றால் இரக்கமில்லாதது என்று நினைப்போம். சில நேரம் அதுதான் மனிதரைக் காப்பாற்றுகிறது.

1839இலிருந்து இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் அலுவலக அறிக்கைகளில் வில்லியம் ஃபார் என்பவர் இதை ஒழுங்காக்கப் போராடினார். ஒரே நோய்க்கு நான்கு பெயர், ஒரே பெயருக்கு நான்கு நோய் என்று இருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது என்பது அவர் வாதம். தொற்றுநோய், உடம்பு முழுவதையும் பிடிக்கும் நோய், உறுப்பு நோய், வளர்ச்சி சார்ந்த நோய், வன்முறையால் வருவது என்று ஐந்து கூறாகப் பிரித்தார். 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய சர்வதேச மாநாடு அவரையும் ஜெனீவாவின் டெஸ்பீனையும் பட்டியல் தயாரிக்கச் சொன்னது. இருவரும் வெவ்வேறு பட்டியல் கொண்டு வந்தார்கள். 1855இல் பரிஸில் இரண்டையும் கலந்து 139 தலைப்புகளோடு ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். மாநாடுகள் அன்றும் அப்படித்தான்.

நிலைத்து நின்றது ஷாக் பெர்ட்டியோன் 1893இல் சிக்காகோவில் வைத்த பட்டியல். பரிஸ் நகரத்தின் புள்ளிவிபரத் தலைவர் அவர். அவருடைய சகோதரர் அல்போன்ஸ் பரிஸ் பொலிஸில் இருந்தார். குற்றவாளிகளை அடையாளம் காண அவர்களின் காதையும் மூக்கையும் அளந்து வகை பிரித்துப் படம் போட்டவர் அவர்தான். தம்பி மூக்கின் வடிவத்தை வகைப்படுத்தினார், அண்ணன் மரணத்தின் காரணத்தை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்னதான் பேசியிருப்பார்களோ.

1900இல் 26 நாடுகள் பரிஸில் கூடி அதைத் திருத்தின. அன்றிலிருந்து ஏறத்தாழப் பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம். ஆனால் ஐந்தாவது திருத்தம் வரை அது அடிப்படையில் மரணக் காரணங்களின் பட்டியல். உடைந்த மூக்கால் மட்டும் ஒருவர் மரணிப்பது அரிது, ஆகவே அப்படியான பட்டியலில் அதற்குப் பெரிய இடம் இருக்காது. 1948இல்தான் நிலைமை மாறியது. புதிதாகத் தொடங்கிய உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்து, உயிரோடு இருக்கும் நோயாளியின் வருத்தங்களையும் சேர்த்தது. தடிமன், பீனிசம், மூக்குத் தசை வளர்ச்சி, மூக்கெலும்பு முறிவு எல்லாம் எண்ணத் தகுந்தவை ஆயின.

அதைவிட முக்கியம் அதே திருத்தத்தில் செய்த இன்னொரு வேலை. காயத்துக்கு இரண்டு இலக்கங்கள் வைத்தார்கள். என்ன உடைந்தது என்பதற்கு ஒன்று, எதனால் உடைந்தது என்பதற்கு இன்னொன்று. மூக்கெலும்பு முறிந்தது என்பது டொக்டருக்குப் போதும். ஆனால் ஊரில் எத்தனை மூக்கு மோட்டார் சைக்கிளால் உடைகிறது, எத்தனை கைமுட்டியால் உடைகிறது என்று தெரியாவிட்டால் அரசாங்கம் எதைத் திருத்துவது?

இப்போது நாம் அதிகம் காண்பது பத்தாவது திருத்தம். 1990இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1994இலிருந்து நடைமுறைக்கு வந்தது. பதினோராவது 2022 ஜனவரி 1இலிருந்து அமுலில் இருந்தாலும் நாடுகள் மெதுவாகத்தான் மாறுகின்றன. பத்தாவதில் மூக்கு ஒரே இடத்தில் இல்லை, புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சுவாச நோய்களின் அத்தியாயம் ஜே: சாதாரண தடிமன் ஜே 00, நாட்பட்ட பீனிசம் ஜே 32, மூக்கினுள் வளரும் தசை ஜே 33, தம்பியின் வளைந்த சுவர் ஜே 34.2. மூக்கால் இரத்தம் வடிவது ஆர் 04.0. ஆர் என்பது அறிகுறிகளின் அத்தியாயம். அதாவது இரத்தம் வடிவது நோயல்ல, நோயின் அடையாளம். டெங்குக் காய்ச்சலில் பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வந்தால் டெங்குவின் இலக்கம்தான் முதலில் வர வேண்டும். வெறும் ஆர் 04.0 மட்டும் எழுதினால் ஒரு டெங்கு நோயாளி கணக்கிலிருந்து நழுவிவிடுவார்.

பிள்ளைகள் மூக்கில் பாசிமணி, புளியங்கொட்டை ஏற்றிக்கொள்வதற்கு டி 17.1. (பெற்றோர் கவனிக்க: மணிக்கூட்டு, விளையாட்டுச் சாமானின் சின்ன வட்ட பற்றரி என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சில மணித்தியாலத்திலேயே அது நடுச்சுவரை எரித்துவிடும்.)

காயங்கள் எஸ் அத்தியாயத்தில். எஸ் 03.1 நடுச்சுவரின் குருத்தெலும்பு இடம் விலகியது, எஸ் 02.2 மூக்கெலும்பு முறிவு, எஸ் 01.2 திறந்த காயம். மண்டையோட்டின் அடி உடைந்தால் எஸ் 02.1. அந்த எகிப்துச் சுருளின் 11, 12, 14, 13 என்று ஏறத்தாழப் பொருத்திப் பார்க்கலாம். 3600 வருடத்தில் மூக்கு உடையும் விதம் மாறவில்லை.

இரண்டாவது இலக்கம் வேறு எழுத்துகளில் வரும். மோட்டார் சைக்கிளில் போனவர் என்றால் வி 20 முதல் 29 வரை. விளையாட்டுப் பந்தோ மட்டையோ பட்டால் டபிள்யூ 21. எதிலாவது மோதினால் டபிள்யூ 22. கையால் காலால் தாக்கப்பட்டால் வை 04. கணவனோ மனைவியோ துன்புறுத்தியதென்றால் அதற்கென்றே வை 07.0 இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் எக்ஸ் 59, குறிப்பிடப்படாதது.

இனி நம்ம நாடு. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் படுத்து டிக்கெட் வெட்டி அனுப்பிய பிறகு அந்த டிக்கெட் ரெக்கோர்ட் ரூமுக்குப் போகிறது. அங்கே டொக்டர் எழுதியதை வாசித்து இலக்கம் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போய்ச் சேரும். ஓபிடியில் காட்டி மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் இந்தக் கணக்கில் இல்லை. வார்டில் படுப்பவர்களுக்கான காரணங்களில் பல வருடங்களாக முதலிடத்தில் நிற்பது எது தெரியுமா? காயங்கள். சீனியோ பிரஷரோ அல்ல.

அப்படி முதலிடத்தில் இருக்கும் ஒன்றின் காரணம் நமக்குத் தெரிய வேண்டாமா? டிக்கெட்டில் "மூக்கில் காயம்" என்று மட்டும் இருந்தால் ரெக்கோர்ட் ரூமில் இருப்பவர் ஊகித்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. டொக்டரும் நாம் சொன்னதைத்தான் எழுதுவார். நாம் என்ன சொல்கிறோம்? "கதவு அடிச்சிட்டு." "பாத்ரூம்ல வழுக்கிட்டு." "பந்து பட்டுட்டு." பாதி நேரம் அது உண்மையாகவே இருக்கும். மீதிப் பாதி என்னவென்று வார்டில் நிற்கும் மிஸ்ஸிக்கும் தெரியும், கூட வந்த மாமிக்கும் தெரியும்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதும் தெரிந்ததுதான். அடிபட்டது என்று சொன்னால் ஆஸ்பத்திரிப் பொலிஸுக்குத் தகவல் போகும். சட்ட வைத்தியரிடம் காட்டச் சொல்வார்கள். நமது தண்டனைச் சட்டக் கோவை 1883இலிருந்து இருக்கிறது. அதன் 311ஆம் பிரிவில் எலும்பு முறிவு கடுங்காயம். வீங்கிய மூக்கு சாதாரண காயம், முறிந்த மூக்கு கடுங்காயம், இடையில் இருப்பது ஓர் எக்ஸ்ரே. வாப்பா மறியலுக்குப் போனால் பிள்ளைகளுக்கு யார் என்ற கேள்விக்கு முன்னால் "கதவு" என்ற சொல் இலகுவாக வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கூட இருந்து "கதவு என்று சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுக்கும் ஆட்களைச் சொல்வோம். லண்டனில் கூலியை இரட்டிப்பாக்கியவர்களின் வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். அங்கே செத்தவரின் பெயர் காப்பாற்றப்பட்டது. இங்கே அடித்தவரின் பெயர்.

ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுவோம். வை 07.0 என்று ரெக்கோர்ட் ரூமில் போடுவது யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்காது. அந்த இலக்கம் பெயர் இல்லாமல்தான் கொழும்புக்குப் போகிறது. வழக்குக்கு உதவுவது சட்ட வைத்திய அறிக்கை, அது வேறு பாதை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்பதும் வேறு பாதை, அதற்கு அடித்தவரை மறியலுக்கு அனுப்ப வேண்டும் என்றில்லை. பல அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே "நட்பு நிலையம்" என்று ஓர் அறை இருக்கிறது. சிங்களத்தில் "மித்துரு பியச". அங்கே போய் இருந்து பேசலாம். பெண்களுக்கான தொலைபேசி இலக்கம் 1938.

வைத்தியத்துக்கும் காரணம் தேவை. மூக்கில் பலமான அடி என்று தெரிந்தால் டொக்டர் உள்ளே வெளிச்சம் அடித்து நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டியிருந்து எடுக்காமல் விட்டால் சில நாட்களில் குருத்தெலும்பு செத்து, மூக்கின் பாலம் உள்ளே இறங்கிவிடும். இடம் மாறிய எலும்பைப் பெரியவர்களுக்கு இரண்டு கிழமைக்குள் நேராக்க வேண்டும், சிறுவர்களுக்கு அதைவிடக் கெதியாக. பிந்தினால் எலும்பு கோணலாகவே ஒட்டிவிடும். பிறகு பத்து வருடம் கழித்து மூச்சு முட்டுகிறது என்று போனால் எஸ்ஸும் இருக்காது, வையும் இருக்காது. வளைந்த நடுச்சுவர், ஜே 34.2 என்று எழுதிக் கொடுப்பார்கள். அடி ஒன்று நோயாக மாறிவிட்டது. ஒரு ஜே 34.2 பிறவியிலேயே வந்ததா, பள்ளிக்கூட மைதானத்தில் வந்ததா, வீட்டுக்குள் வந்ததா என்று அந்த இலக்கத்தைப் பார்த்து இப்னு ஸீனாவே வந்தாலும் சொல்ல முடியாது.

நம்ம நண்பர்கள் பட்டியலில் ஆஸ்பத்திரி ரெக்கோர்ட் ரூமில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். காரணம் எழுதாத டிக்கெட் வந்தால் வார்டுக்குத் திருப்பி அனுப்பிக் கேட்க முடிகிறதா, அல்லது எக்ஸ் 59 போட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று நேரம் கிடைத்தால் கீழே எழுதுங்கள்.